கொட்டாங்குச்சியில் வந்த ஐஸ்கிரீம்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு நாங்கள் ஆறு பேர் பெங்களூரில் ஒரு உணவகத்துக்குச் சாப்பிடப் போனோம். எங்களோடு எம்.ஏ. படித்த தோழி வேலை மாறியதற்காகக் கொடுத்த ட்ரீட். எல்லா நகரங்களிலும் இப்போது வந்துவிட்ட 'கிராமத்துப் பாணி' உணவகம் அது. சுவரில் செம்மண் பூச்சு, கூரையில் தொங்கும் அரிக்கேன் விளக்கு, வாசலில் ஒரு ஆட்டுக்கல். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிண்டும் களி அங்கே எலுமிச்சம்பழ அளவில் உருட்டப்பட்டு கறிக்குழம்போடு வந்தது. ருசியாகத்தான் இருந்தது. கடைசியில் இளநீர் ஐஸ்கிரீம். பளபளவென்று இழைத்த கொட்டாங்குச்சியில், மரக் கரண்டியோடு. விலை 320 ரூபாய்.

ஐந்து பேரும் போனை எடுத்துப் படம் பிடித்தோம். ஆறாவது தோழர் மொரப்பூர் பக்கம் ஒரு காலனிக்காரர். அவர் மட்டும் தன் கொட்டாங்குச்சியை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார்.

"ஏன் தோழர், சளி புடிச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்லப்பா. எங்கம்மாவுக்குக் கழனியில டீ இதுலதான் ஊத்துவாங்க. அங்க ஓசி. இங்க முந்நூத்தி இருவதா?"

முதலில் சிரித்தவரும் அவர்தான். பிறகு பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டு, அரைகுறைக் கன்னடத்தில், இதை ஒரு கிண்ணத்தில் மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார். தம்பி எடுத்துப் போனார், கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. முறைக்கவில்லை. தோழர் சாப்பிட்டு முடித்தார்.

ஊருக்குத் திரும்பி வரும்போது ரயிலில் எங்கள் பேச்சு முழுக்க அந்தக் கிண்ணத்தைப் பற்றியே இருந்தது. அவருடைய அம்மா கழனியில் நின்று, "கொட்டாங்குச்சி வேணாம், டம்ளர் குடுங்க" என்று கேட்டிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும். மறுநாள் வேலைக்கு வராதே என்று சொல்லியிருப்பார்கள். மகன் கேட்டதும் பாத்திரம் மாறியது. இந்த மாற்றம் காசால் மட்டும் வந்ததா? நகரம் என்றால் தானாக வந்துவிடுமா? இல்லை என்பதுதான் வரலாறு. அந்த வரலாற்றை இளைய தோழர்களோடு பேசவே இதை எழுதுகிறோம்.

பழங்கதை இல்லை

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று சொல்கிறவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2024 பிப்ரவரியில், மொரப்பூர் பக்கம், கம்பைநல்லூர் காவல் நிலைய எல்லையில், விவசாயக் கூலி வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் காட்சி வீடியோவாகப் பரவியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, நிலத்துக்காரர் வீட்டைச் சேர்ந்த இரண்டு பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். செய்தி நாடு முழுக்கப் போனது. வெளியூர்த் தோழர்கள் எங்களுக்குப் போன் செய்து, "இன்னுமா?" என்று கேட்டார்கள். எங்கள் பெண்கள் கேட்டது வேறு: "இதுக்கெல்லாம்கூட கேஸ் போடுவாங்களா?"

இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நாம் கடக்க வேண்டியது.

இரட்டைக் குவளையின் வயது

இரட்டைக் குவளை என்றதும் நம்மில் பலர் மனு காலத்துக்குப் போய்விடுகிறோம். தீண்டாமை பழையதுதான். ஆனால் இரட்டைக் குவளை அவ்வளவு பழையது அல்ல. குவளை வேண்டுமென்றால் டீக்கடை வேண்டும், டீக்கடை வேண்டுமென்றால் டீ வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நம் கொள்ளுப்பாட்டிகள் குடித்தது நீராகாரமும் கூழும். காப்பி நகரத்து உயர்சாதி வீடுகளில்தான் முதலில் நுழைந்தது. அது எப்படி சாதி அடையாளமாகவும் ஆனது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' விரிவாகச் சொல்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள். டீ அதற்குப் பிறகு வந்தது. 1930களில் தேயிலை வியாபாரத்தைப் பெருக்க வந்த விளம்பர அமைப்புகள் ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ கொடுத்துப் பழக்கின. அதன் பிறகே டீக்கடை தெருவுக்குத் தெரு வந்தது. அப்படிப் பார்த்தால் இரட்டைக் குவளைக்கு நம் தாத்தா வயதுதான்.

இதை ஏன் சொல்கிறோம்? சாதி என்பது பழசு, நவீனம் வந்தால் தானே போய்விடும் என்று கல்லூரியில் நமக்கும் சொல்லித்தந்தார்கள். நடந்தது நேர்மாறு. டீக்கடை என்பது நவீனமான இடம். காசு கொடுத்தால் யாருக்கும் ஒரே டீ, ஒரே கண்ணாடி கிளாஸ், ஒரே பெஞ்சு. பழைய ஊரில் இந்தச் சிக்கலே கிடையாது. கூலிக்காரருக்குக் கூழ் அவரவர் பாத்திரத்தில் ஊற்றப்படும், களத்தோரம் உட்கார்ந்து குடிப்பார்கள். யார் எச்சில் பட்ட பாத்திரம் யார் வாய்க்குப் போகும் என்ற கேள்வியே எழாது. டீக்கடை அந்தக் கேள்வியை எழுப்பியது. சாதி அதற்குப் புதிதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்தது: இரண்டாவது குவளை.

அது பல வடிவத்தில் வந்தது. கூரை வாரையில் தனியாகத் தொங்கும் தகர டம்ளர். குடித்த பிறகு நாமே கழுவி வைக்கவேண்டிய கிளாஸ். கையில் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றும் டீ. பெஞ்சில் ஊர்க்காரர், தரையில் காலனிக்காரர். கடைக்கு வெளியே நின்று குடித்துவிட்டுப் போவது. கழனிக்கு வந்தால் கொட்டாங்குச்சி.

ரயிலும் சாப்பாட்டு அறையும்

மொரப்பூர்க்காரர்களுக்கு உலகம் ரயில் வழியாகத்தான் வந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் பாதை 1860களின் தொடக்கத்தில் எங்கள் ஊரைத் தொட்டது. பிறகு பஞ்ச நிவாரண நோக்கத்தோடு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய பாதை போட்டார்கள். 1906இல் ஓடத் தொடங்கி, 1913இல் ஓசூர் வரை நீண்டது. 1941இல், உலகப் போர்க் காலத்தில், அதை மூடினார்கள்.

ரயில் பெட்டி நம்மை மற்றவர்களோடு நெருக்கி உட்காரவைத்தது. டிக்கெட்டுக்குச் சாதி கிடையாது. ஆனால் பெட்டியை விட்டு இறங்கியதும் சாதி காத்திருந்தது. 1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போன கதை நமக்கு மனப்பாடம். மசூர் ஸ்டேஷனில் இறங்கும்வரை அவர்கள் நல்ல உடை உடுத்திய பிள்ளைகள். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் வரமறுத்தார்கள். கூடையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர ஆள் இல்லை. தண்ணீர் இல்லாமல் சாப்பாடும் இறங்கவில்லை, அன்றிரவு பட்டினி. சாப்பிடுவதற்குச் சாப்பாடு மட்டும் போதாது என்பதை அந்தப் பிள்ளைகள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டு ரயில் நிலையங்களின் சாப்பாட்டு அறைகளிலேயே 'பிராமணாள்', 'இதராள்' என்று தடுப்பு இருந்தது. தனியார் ஓட்டல்களிலும் அப்படித்தான். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் 1925 வாக்கில் பெரும் சண்டை வந்தது. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ரயில்வே சாப்பாட்டு அறைத் தடுப்பை எதிர்த்துச் சுயமரியாதை இயக்கத்தார் தொடர்ந்து போராடி, 1941இல் அதை ஒழித்தார்கள். மொரப்பூர் குறுகிய பாதை மூடப்பட்ட அதே வருடம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் பேசவேண்டும். 'இதராள்' என்ற அந்தப் பலகைக்குள் நம் ஆட்கள் இருந்தார்களா? பெரும்பாலும் இல்லை. பார்ப்பனர் அறைக்கும் பார்ப்பனர் அல்லாதார் அறைக்கும் நடுவில் நடந்த சண்டையில், இரண்டு அறைக்கும் வெளியே நின்றவர்கள் நாம். அந்தச் சண்டை தேவையில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பலகை கழன்றால் அடுத்த பலகையைக் கழற்றுவது எளிது. ஆனால் நம் கதவைத் திறக்க நம் ஆட்களும் தனியாக முட்டவேண்டியிருந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடங்களில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டத்தை எம்.சி. ராஜா கொண்டுவந்தார். அரசியல் சட்டம் வருவதற்கு முன்பே நம் தலைவர்கள் போட்ட தடம் இது.

நீதிக்கட்சிக் காலத்தில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பஸ்கள் ஏற்றத் தொடங்கின. லைசென்ஸ் என்ற இந்தச் சொல்லை ஞாபகத்தில் வையுங்கள், மறுபடி வருவோம்.

1957: ஒரே வருடம், மூன்று இடங்கள்

உணவு வரலாற்றில் 1957ஐத் தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

அந்த மே மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கவேண்டும் என்பது கோரிக்கை. மாதக் கணக்கில் தினமும் ஆட்கள் போய்க் கைதானார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போன பிறகு, 1958இல் அந்தச் சொல் இறங்கியது.

அதே வருடம் முகவை மாவட்டம். இராணுவத்தில் இருந்து திரும்பிய இம்மானுவேல் சேகரன், இரட்டைக் குவளைக்கும் மற்ற தீண்டாமைகளுக்கும் எதிராக ஊர் ஊராக மக்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் தன் மக்களின் பிரதிநிதியாக மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதுதான். இதை எழுதுகிற எங்கள் வயது.

அதே வருடம் கடலுக்கு அப்பால் இலங்கை, சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதி பார்ப்பது குற்றம் என்றது. யாழ்ப்பாணத்தின் தேநீர்க்கடைகள் அதற்காகத் திறந்துவிடவில்லை. 1960களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும் பிறகு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் தேநீர்க்கடைப் பிரவேசத்தை ஒரு போராட்டமாகவே நடத்தின. 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைப் போலீஸ் தாக்கியது. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றவர்களின் எழுத்து இந்த மண்ணிலிருந்துதான் முளைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்காக அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருவல்லிக்கேணியில் ஒரு சொல்லை இறக்கச் சிறை. முதுகுளத்தூரில் சமமாக உட்கார்ந்ததற்குக் கொலை. யாழ்ப்பாணத்தில் சட்டம் வந்தும் பத்து வருடப் போராட்டம். எந்த மேசை யாருக்கு எவ்வளவு விலை என்பது அன்றும் ஒரே மாதிரி இல்லை.

சட்டம் குவளையைப் பார்த்தது

நம் அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சாதியின் பெயரால் எந்தக் குடிமகனுக்கும் தடையோ நிபந்தனையோ கூடாது என்கிறது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டலுக்கு என்ன வேலை என்று மேல்சாதிக்காரருக்குத் தோன்றலாம். வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தெரியும். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைப் பற்றி விவாதம் வந்தபோது, 'கடை' என்ற சொல்லை மிக விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அம்பேத்கர் விளக்கினார். தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்குச் சேவை தரத் தயாராக உள்ள இடம் எதுவும் கடைதான். அதே நாளில்தான் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும் ஏற்கப்பட்டது.

1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. உணவகத்துக்குள் நுழைய விடாததைக் குற்றம் என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. அங்கே பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாததும் குற்றம் என்றது. குவளையையே சட்டம் பெயர் சொல்லிப் பிடித்த இடம் இது. 1976இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதை நம்மில் பலர் எடுத்துப் படிப்பதில்லை: லைசென்ஸ் பெற்று நடத்தும் தொழிலில் தீண்டாமைக் குற்றம் செய்து தண்டனை பெற்றால், நீதிமன்றம் அந்த லைசென்சை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ உத்தரவிடலாம். சௌந்தரபாண்டியன் பஸ்களுக்குச் செய்தது டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் சட்டமாக நம் கையில் இருக்கிறது.

1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தத்தில், பொது இடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கான பாத்திரங்களைத் தடுப்பது வன்கொடுமைப் பட்டியலிலேயே சேர்ந்துவிட்டது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்கு உதவும். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. உணவகங்களில் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1964இல்தான் வந்தது. நம் சட்டம் அதற்கு ஒன்பது வருடம் மூத்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கே சட்டம் முன்னால் வந்து, உட்கார ஆள் தேடிக்கொண்டிருக்கிறது.

பேப்பர் கப்பும் கழனியும்

சட்டம் குவளையைப் பிடித்தபோது சாதி என்ன செய்தது? குவளையை மாற்றியது. தூக்கி எறியும் கப் வந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரருக்குக் கப். கேட்டால், "சுத்தத்துக்குத்தான்பா, கழுவுற வேலை மிச்சம்" என்று பதில் வரும். எந்தப் போலீஸ் இதை இரட்டைக் குவளை என்று எழுதும்? சில கடைகளில் எல்லோருக்குமே கப் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்தது. ஆனால் ஒரே கிளாசில் குடிக்கவேண்டிய நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லோரும் கப்புக்கு மாறியதை ஒழிப்பு என்று சொல்லமுடியுமா? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்குத் தடை வந்தபோது, எங்கள் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் உண்மையாகவே கவலைப்பட்டார். "இனி எப்படிங்க சமாளிக்கிறது?" என்றார். கப் எதைச் சமாளித்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு எங்களுக்கு விளங்கியது.

இன்னொரு ஓட்டை பெண்கள் பக்கம் இருக்கிறது. நம் கிராமத்து டீக்கடை பெஞ்சு பெரும்பாலும் ஆண்களுடையது. நாம் நடத்திய போராட்டங்களும் அந்தப் பெஞ்சைச் சுற்றித்தான் நடந்தன. நம் அம்மாக்களும் அக்காக்களும் டீ குடிப்பது கடையில் இல்லை, கழனியில். கழனி பொது உணவகம் அல்ல. அங்கே பெயர்ப் பலகை இல்லை, லைசென்ஸ் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் இல்லை. கடையிலிருந்து துரத்தப்பட்ட கொட்டாங்குச்சி கழனியில் போய் ஒளிந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 2024இல் அது பிடிபட்டது வீடியோவால்.

நமக்குள்ளேயும் பார்க்கவேண்டியது உண்டு. அருந்ததியர் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவர்கள் நம் காலனிகளில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லமுடியுமா? ஊர்க்காரனின் குவளையை உடைக்கிற கைக்கு இந்தக் கேள்வியும் உண்டு.

மெனு கார்டில் சாதி

சரி, நகரத்துக்கு வருவோம். நவநாகரிக உணவகத்தில் பலகை இல்லை, இரண்டாவது குவளை இல்லை. யாரும் யார் என்று கேட்பதில்லை. நம் தோழருக்குக் கிண்ணம் கிடைத்தது. பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன நம் பிள்ளைகள் முதல் சம்பளத்தில் ஏன் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஓடுகிறார்கள் என்று கிண்டலடிப்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: பேர் தெரியாதவராக ஒரு நாற்காலியில் உட்காரும் சுகம், பேர் தெரிந்ததாலேயே வெளியே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்தச் சுகம் சாதி தெரியாதவரை மட்டுமே. அதே பெங்களூர் இரவில், பக்கத்து மேசைக்காரர் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு நட்பாகப் பேச வந்தார். எந்த ஊர், அப்பா என்ன வேலை, ஊருக்குள்ளேயா வெளியேவா, குலசாமி எது என்று நாலாவது கேள்வியில் வந்து நின்றார். முறுவல் மாறாமல்தான் கேட்டார். பதில் தெரிந்ததும் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். மசூர் ஸ்டேஷன் எங்களுக்கு அப்போது ஞாபகம் வந்தது.

சாதியின் புது வேலை மெனு கார்டில் நடக்கிறது. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. மொரப்பூரிலிருந்து அதே ரயில் பாதையில் போனால் ஆம்பூர். அங்கே தெருவுக்குத் தெரு விற்கும் மாட்டுக்கறி பிரியாணிக்கு அந்தத் திருவிழாவில் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிப்போனது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் 'சுத்த சைவ'ச் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தனிப் படையும் அவர்களுக்குப் பச்சை உடையும் அறிவித்தது. கண்டனம் வந்ததும் ஒரே நாளில் பச்சை உடையைக் கைவிட்டு எல்லோருக்கும் சிவப்பே என்றது. காசு கொடுத்து வாங்கும் சாப்பாட்டைச் சுமந்துவரும் பெட்டியில்கூட வேறு சாப்பாட்டின் வாடை படக்கூடாது என்ற எண்ணமும், கூரையில் தொங்கிய தகர டம்ளரும் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திருவல்லிக்கேணிப் பலகை இறங்கப் பல மாதம் பிடித்தது. பச்சை உடை இறங்க ஒரு நாள் பிடித்தது. கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

குற்ற உணர்வு வேண்டாம், கணக்கு வேண்டும்

எங்கள் பயிற்சி முகாம்களில் மாணவர்கள் ஒளித்து வைத்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அம்மா கூலிக்குப் போறாங்க, நான் இங்க ஐந்நூறு ரூபாய்க்குச் சாப்பிடறது தப்பா அக்கா?"

தப்பில்லை, தம்பி. 2012 நவம்பர் 7 அன்று நம் மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகளில் எரிக்கப்பட்டது எது? பெங்களூர், திருப்பூர் கூலியில் வாங்கிய வண்டி, பீரோ, கட்டில், சான்றிதழ். நம் பிள்ளைகள் நல்ல சட்டை போடுவதும் நாற்காலியில் உட்காருவதும் சிலருக்குப் பொறுக்கவில்லை. அதனால் நல்ல சட்டை போடுங்கள், நண்பர்களோடு போய் நன்றாகச் சாப்பிடுங்கள். நம் முன்னோர் சிறைக்குப் போனதும் வெட்டுப்பட்டதும் நாம் கூச்சத்தோடு மூலையில் உட்காருவதற்காக அல்ல.

ஆனால் கிடைத்த நாற்காலிக்குக் கணக்கு உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர் டீக்கடையில் உட்காருங்கள். எந்தக் கிளாசில் கொடுக்கிறார்கள், யார் கழுவுகிறார்கள், பெஞ்சில் யார், தரையில் யார் என்று தேதி போட்டு எழுதுங்கள். கழனியில் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்டக் கண்காணிப்புக் குழு கூடவேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எழுதிவைத்ததை அந்தக் குழுவின் மேசைக்குக் கொண்டுபோங்கள். அவசரம் என்றால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். கிரீன்ஸ்பரோவிலும் நான்கு பேராகத்தான் போனார்கள்.

பெங்களூரிலிருந்து திரும்பிய மறுவாரம், அந்தத் தோழர் அம்மாவிடம் ஐஸ்கிரீம் கதையைச் சொல்லியிருக்கிறார். அம்மா நம்பவில்லை. போனில் படத்தைக் காட்டியிருக்கிறார். பார்த்துவிட்டு அம்மா கேட்டது ஒரே கேள்வி:

"அங்க கேட்டா மாத்திக் குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்கம்மா."

"அப்ப இங்கயும் கேக்கணும்."

இப்போது அவர் வேலைக்குப் போகும்போது பையில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார். கூட வேலை செய்யும் நான்கு பெண்களும் ஆளுக்கொன்று வாங்கிவிட்டார்கள். அது முழு விடுதலை இல்லை. டம்ளர் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வரவேண்டும், எல்லோரும் குடிக்கிற அதே டம்ளராக வரவேண்டும். அதைக் கேட்க அவர்கள் ஐந்து பேர் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கும் நாளில் பக்கத்தில் நிற்க நாங்களும் போவோம்.

ஜெய்பீம்.